ஜூஸ் கம்பெனி வாசலில் நான் அழுதது

எங்கள் பக்கத்தில் சினிமாக்காரர்கள் வந்து இறங்கினால் யாரும் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடுவதில்லை. வேன் வந்து நின்றதும், இந்தத் தடவை யார் வீட்டைக் கேட்கிறார்கள், எத்தனை நாளைக்குக் கேட்கிறார்கள், அவ்வளவுதான் விசாரிப்போம். கேட்டதைக் கொடுத்துவிடுவோம். வீடு, தோட்டம், மாடு, வண்டி, கிணறு, எதையும் இல்லை என்று சொல்லி எனக்கு நினைவில்லை. கூட்டத்தில் நிற்க ஆள் வேண்டுமென்றால் குளித்துத் தலைசீவிக்கொண்டு நாங்களே போய் நிற்போம். தேர்க் கூட்டத்தில் இரண்டு தடவை, கல்யாணப் பந்தியில் ஒரு தடவை நானே நடித்திருக்கிறேன். பந்தியில் காலையில் வடித்த சோற்றைப் போட்டு, சாயங்காலம் வரை அதையே வாய்க்குக் கொண்டுபோகவும் கீழே வைக்கவும் சொன்னார்கள். அப்படிக் கொடுத்துப் பழகிய ஊர் என்பதால்தான் எங்கள் கம்பெனிக் கதவையும் அத்தனை சந்தோஷமாகத் திறந்துவிட்டோம். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போது வயிறு எரிகிறது.

கம்பெனி என்றதும் ஏதோ பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். உத்தமபாளையத்திலிருந்து கோம்பை போகிற ரோட்டில், தென்னந்தோப்புக்கு நடுவே தகரக் கூரை போட்ட இரண்டு கொட்டகை, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு பெரிய இரும்பு கேட். திராட்சையையும் கொய்யாவையும் கூழாக்கி, டின்னில் அடைத்து, மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவுக்கு அனுப்புவோம். ஊரில் எல்லோருக்கும் அது ஜூஸ் கம்பெனி. நாற்பது பெண்கள் வேலை பார்த்தோம். பழம் பொறுக்குகிற வரிசைக்கு நான்தான் மேஸ்திரி. அழுகல், காய், இலை எதுவும் என் கண்ணுக்குத் தப்பிப் போகக் கூடாது. வியாபாரிகள் கழித்துப் போடுகிற உதிரிப் பழத்தைக்கூட நாங்கள் வாங்கிக்கொள்வோம் என்பதால், விலை விழுந்த நாட்களில் தோட்டக்காரர்கள் எங்கள் கேட்டில்தான் வந்து வண்டியை நிறுத்துவார்கள்.

அந்தக் கம்பெனி வருவதற்கு முன்னால் எங்களுக்கு இருந்த பிழைப்பு மலைமேல் ஏலக்காய்த் தோட்டம்தான். விடியுமுன் எழுந்து சோறு கட்டிக்கொண்டு, ஒரு ஜீப்பில் பதினைந்து இருபது பேர், ஒருத்தி மடியில் ஒருத்தியாக ஏறி மலைக்குப் போய், பொழுது சாய்ந்து இறங்க வேண்டும். வளைவுக்கு வளைவு குலசாமியைக் கூப்பிட்டுக்கொண்டே போகிற பிழைப்பு. கம்பெனி வந்த பிறகு வீட்டிலிருந்து நடந்து போய், வீட்டுக்கு நடந்து வந்தேன். அந்த நாற்பது பேருக்கும் கம்பெனி என்றால் மறுபடி அந்த ஜீப்பில் ஏறாமல் இருப்பது. வேறு அர்த்தம் கிடையாது.

எங்கள் முதலாளி கோம்பைக்காரர், எங்களைப் போலவே விவசாயக் குடும்பம். கோயம்புத்தூரில் ஒரு பெரிய கம்பெனியில் இருபது வருஷம் மானேஜராக இருந்துவிட்டு, சேர்த்ததையெல்லாம் கொண்டுவந்து தகப்பனார் நிலத்தில் கொட்டகை போட்டவர். முதலாளி என்று கூப்பிட்டால் முகம் சுளிப்பார். அண்ணே என்று கூப்பிடச் சொன்னார், அப்படியே கூப்பிட்டோம். அதற்காக அவர் தெய்வம் என்று நான் சொல்ல வரவில்லை. கோபம் வந்தால் அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது. பத்து நிமிஷம் பிந்தினால் அரை நாள் போச்சு. வரிசைக்கு மேலே ஃபேன் போடுங்கள் என்று இரண்டு கோடை கேட்டோம், பழத்தில் தூசி விழும் என்று இரண்டு கோடையும் தட்டிக்கழித்துவிட்டார். நின்று நின்று என் முழங்கால் போனதற்கும் அவர்தான் பொறுப்பு. ஆனால் சம்பளம் ஒரு மாதமும் தேதி தவறியதில்லை, பி.எஃப். ஒழுங்காகக் கட்டினார், ஒருத்தியைக்கூட எவனும் தப்பாகப் பார்க்க விடவில்லை. மனிதர்களில் முதலாளி என்று ஒருவர் இருந்தால் இப்படித்தான் இருப்பார் என்று நினைக்கிறேன், கொஞ்சம் திட்டிக்கொண்டும் கொஞ்சம் நம்பிக்கொண்டும்.

அவருக்குச் சினிமாப் பைத்தியம் உண்டு. புதுப் படம் வந்தால் முதல் வாரத்தில் கம்பத்துக்குப் போய்விடுவார். கோட்டுப் போட்ட முதலாளியை ஹீரோ சட்டையைப் பிடித்துத் தூக்கி அறைகிற இடத்தில் விசில் அடிக்கிற முதல் ஆள் அவர்தான் என்று அவருடைய டிரைவர் சொல்லிச் சிரிப்பார். அதனால் டைரக்டர் வந்து, விவசாயிகளின் தண்ணீரைக் கெடுக்கிற கம்பெனியைப் பற்றி ஒரு கதை, மூன்று நாளைக்கு உங்கள் இடம் வேண்டும் என்றதும், வாடகைகூட வேண்டாம் என்று ஒத்துக்கொண்டார். தேனியில் இரண்டு மில்லில் கேட்டு, கதையைக் கேட்டதும் அவர்கள் மறுத்துவிட்டார்களாம். அண்ணன் மனைவியை நாங்கள் மதினி என்போம். கெட்ட கம்பெனி என்றல்லவா கதையில் வருகிறதாம், நமக்கு எதற்கு இது என்று மதினி எங்கள் எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"படத்துல முதலாளின்னா கெட்டவனாத்தான இருப்பான்," என்றார் அண்ணன். "எங்கள மாதிரி ஆளக் காட்டுனா எவன் டிக்கெட் எடுப்பான்? நம்ம ஊரு ஆளுகளுக்கு இது நடிப்புன்னு தெரியாதா?"

தெரியும்தான். ஊர் ஆட்களுக்குத் தெரியும். ஊருக்கு வெளியே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை அவரும் யோசிக்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை.

ஷூட்டிங் நடந்த மூன்று நாளும் சிரித்துச் சிரித்து எங்களுக்கு விலா வலித்தது. அண்ணனின் ஆபீஸ் அறையைப் பார்த்ததும் டைரக்டருக்கு முகம் விழுந்துவிட்டது. வயர் பின்னிய நாற்காலி, மருந்துக் கடை காலண்டர், மேஜை மேல் அழுகல் பழ சாம்பிள். மதுரையிலிருந்து சுழல் நாற்காலி வந்தது, கண்ணாடித் தடுப்பு வந்தது, சீமைச் சாராய பாட்டில் வந்தது. பாட்டிலுக்குள் பால் ஊற்றாத கட்டன் சாயா. முதலாளியாக நடித்தவர் தங்கமான மனுஷர், பார்க்கிறவர்களையெல்லாம் சாப்பிட்டீர்களா என்று கேட்பார். தகரக் கூரைச் சூட்டில் கறுப்புக் கோட்டுக்குள் வெந்துகொண்டிருந்தார், இரண்டு பேர் பக்கத்தில் நின்று விசிறினார்கள். அவர் எங்கள் அண்ணனிடம், கம்பெனிக்குப் பிரச்சினை வந்தால் நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். பாய்லரைப் போய்ப் பார்ப்பேன் என்றார் அண்ணன். டைரக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். கடைசியில் அந்த நடிகர் நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றி, ஃபோனை எடுத்து, அவனை முடித்துவிடு என்று இங்கிலீஷில் சொன்னார். அந்த நேரத்தில் எங்கள் அண்ணன் பின்பக்கம் பைப் ஒழுகுகிறதென்று முழங்கால் வரை பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு நின்றார்.

மூன்றாம் நாள் எங்கள் முறை. நாற்பது பேரும் ஊர்ப் பெண்களாக கேட்டுக்கு வெளியே நின்று கம்பெனி ஒழிக என்று கத்த வேண்டும். எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? ஒத்திகையில் ஒருத்தி, ஃபேன் போடாத முதலாளி ஒழிக என்று கத்தினாள். எல்லோரும் சேர்ந்து அதையே பத்துத் தடவை கத்தினோம். அண்ணன் குடைக்குக் கீழே நின்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அடுத்த வாரமே வரிசைக்கு மேலே நான்கு ஃபேன் வந்துவிட்டது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம்தான் உதவி டைரக்டர் என்னைக் கூட்டத்திலிருந்து முன்னால் இழுத்தார். டி.வி. செய்தியில் வருவது போல ஒரு துண்டு வேண்டும், அதைச் செல்ஃபோனிலேயே எடுக்கப் போகிறோம், ஒரு அம்மா கறுப்புத் தண்ணீர் பாட்டிலோடு வந்து அழ வேண்டும் என்றார். சாயம் கரைத்த பாட்டிலைக் கையில் கொடுத்தார்கள். இரண்டு தடவை அழுது பார்த்தேன், சிரிப்புத்தான் வந்தது. அந்த உதவி டைரக்டர் பிள்ளை பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னது: "அக்கா, உங்களுக்கு ரொம்ப அநியாயம் செஞ்ச ஆள் யாராவது இருப்பாங்கல்ல. அவர் இந்த கேட்டுக்கு உள்ளதான் இருக்கார்னு நினைச்சுக்கங்க."

என் வீட்டுக்காரர் ஏலத்தோட்டத்தில் செத்துப்போனவர். மழைக்காலத்தில் மரக்கிளை முறிந்து மேலே விழுந்து, ஆஸ்பத்திரி போகிற வழியில் போய்விட்டார். அன்றைக்கு அந்த ஆள் பெயர் வேலைக்கு வந்தவர்கள் சிட்டையிலேயே இல்லை, யார் சொல்லி உள்ளே வந்தானோ தெரியாது என்று அந்தத் தோட்டத்து முதலாளி கங்காணியிடம் சொல்லியனுப்பினார். காரியம் முடிந்து மலைக்குப் போய் அவருடைய பங்களா கேட்டுக்கு முன்னால் இரண்டு நாள் நின்றேன். கேட் திறக்கவில்லை. உள்ளே கார் வந்ததும் போனதும் கேட்டது. கத்தினால் கொடுப்பதும் கொடுக்காமல் போய்விடுவார்களோ என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டு, வெறுங்கையோடு இறங்கி வந்தேன். அந்த முதலாளியின் முகத்தை நான் பார்த்ததே இல்லை.

அந்தப் பிள்ளை சொன்னதும் எங்கள் கம்பெனி கேட் என் கண்ணுக்கு மறைந்துவிட்டது. என்ன கத்தினேன், என்ன பேசினேன் என்று எனக்கு நினைவில்லை. என் புருஷன் உயிருக்குப் பதில் சொல்லுடா என்று கத்தியிருக்கிறேன். கேட்டைப் பிடித்து உலுக்கியிருக்கிறேன். பாட்டில் கீழே விழுந்து உடைந்திருக்கிறது. குனிந்து இரண்டு கையாலும் மண்ணை அள்ளி கேட்டுக்குள் தூற்றிவிட்டேன். யாரும் என்னை அதைச் செய்யச் சொல்லவில்லை. எடுத்து முடித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள், டைரக்டர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குத் தேம்பல் நிற்கவில்லை.

கேட்டுக்கு உள்பக்கம் மதினி எல்லோருக்கும் மோர் கொடுத்துக்கொண்டு நின்றார். என் மண் அவர் காலடியில் விழுந்திருக்கிறது. எங்கள் பக்கத்தில் ஒருத்தி வாசலில் மண்ணை வாரித் தூற்றினால் அந்தக் குடும்பத்தை வேரோடு சபிக்கிறாள் என்று அர்த்தம். விளையாட்டுக்குக்கூட அதைச் செய்ய மாட்டோம். மதினி மோர்ச் சொம்பைக் கீழே வைத்தார். உள்ளே போய் மஞ்சள் தண்ணீர் கரைத்துக் கொண்டுவந்து கேட்டைக் கழுவ ஆரம்பித்தார். இன்னும் ஷாட் இருக்கிறது, ஈரமானால் கெட்டுவிடும் என்று சினிமாக்காரர்கள் பதறினார்கள். அவர் காதில் வாங்காமல் கழுவி முடித்தார். நான் காலில் விழப் போனேன். விடு ஆத்தா, நடிப்புத்தானே என்றார். முகத்தை மட்டும் என் பக்கம் திருப்பவில்லை.

இன்னொன்றும் அன்றைக்கு நடந்தது, எங்கள் யார் கண்ணிலும் படவில்லை. தண்ணீர்த் தொட்டியில் எழுதியிருந்த எங்கள் கம்பெனிப் பெயரை மறைக்கத் துணி கட்டியிருந்தார்கள். ஆடி மாதம், கணவாய் வழியாக இறங்குகிற காற்று தென்னையையே வளைக்கும். நான் அழுத நேரத்தில் துணி ஒதுங்கிப் பெயர் முழுவதும் தெரிந்திருக்கிறது.

படம் அடுத்த வருஷம் வந்தது. அண்ணன் இரண்டு வேன் பிடித்து எங்கள் எல்லோரையும் கம்பத்துக்குக் கூட்டிப்போனார். என் முகம் திரையில் பெரிதாக வந்ததும் எங்கள் பெண்கள் போட்ட கூச்சலில் வசனமே கேட்கவில்லை. அண்ணன் அடித்த விசில் மட்டும் கேட்டது. கடைசியில் கோட்டுக்காரரை ஹீரோ அவருடைய சாயத் தண்ணீரிலேயே போட்டு முக்கினார், அதற்கும் விசில் அடித்தார். மதினி வரவில்லை. படம் இரண்டு வாரம் ஓடியது, போயிற்று. எல்லாம் முடிந்தது என்று இருந்தோம்.

நான் அழுத துண்டை மட்டும் எவனோ வெட்டியிருக்கிறான். இருபது விநாடி இருக்கும். பாட்டு இல்லை, ஹீரோ இல்லை, கோட்டுக்காரர் இல்லை. நான், பாட்டில், கேட், பின்னால் எங்கள் கம்பெனிப் பெயர். மேலே, தேனி மாவட்டத்தில் விஷ ஜூஸ், ஏழைத் தாயின் கண்ணீர், மனசாட்சி இருந்தால் பகிரவும் என்று எழுதியிருந்தது. எனக்கே அது என் தங்கச்சி மூலமாகத்தான் வந்தது. திருப்பூரிலிருந்து ஃபோன் போட்டு ஓவென்று அழுகிறாள், ஏக்கா, இத்தனை நடந்திருக்கிறது, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று. நான் நடித்தது என்றேன். நீ நடித்தால் எனக்குத் தெரியாதா என்றாள். கூடப் பிறந்தவளே நம்பவில்லை.

அது மலையாள எழுத்தோடு மறுபடி சுற்றி வந்தபோதுதான் எங்களுக்குப் பயம் பிடித்தது. எங்கள் டின்களில் முக்கால்வாசி போவது அங்கேதான். கடைகளில் டின்னைத் திருப்பிக் கொடுத்தார்கள். எங்களிடம் வாங்கிக்கொண்டிருந்த மூன்று பேரில் இரண்டு பேர் அந்த மாதமே நிறுத்திவிட்டார்கள். அதிகாரிகள் வந்து கிணற்றுத் தண்ணீர், கழிவுத் தண்ணீர், தோப்புத் தண்ணீர் எல்லாம் எடுத்துப் போய்ப் பார்த்து, குறையில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அண்ணன் அந்தக் காகிதத்தைச் சட்டம் போட்டு மாட்டினார். பார்க்க யார் வந்தார்கள்? அழுகிற பொம்பளையை ஊரெல்லாம் அனுப்புவார்கள், ஆபீஸ் சீல் போட்ட காகிதத்தை எவன் அனுப்புவான். படத்துக்காரர்களும் அவர்களால் முடிந்த மட்டும் இது எங்கள் படக் காட்சி என்று ஒரு அறிக்கை விட்டார்கள். அதுவும் அப்படியே கிடந்தது.

என்னையே பேச வைத்தால் என்ன என்று அண்ணனுக்கு ஒரு யோசனை. கம்பெனித் தொப்பி போட்டுக்கொண்டு, பழத் தொட்டி பக்கத்தில் நின்று, நான் இங்கே வேலை பார்க்கிறவள், அது சினிமா, எங்கள் கம்பெனியில் ஒரு குறையும் இல்லை என்று ஃபோனைப் பார்த்துப் பேசினேன். நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், அத்தனையும் உண்மை. பேசும்போது எனக்கே மனப்பாடம் செய்த மாதிரி இருந்தது, கண்ணைக் கண்ணைச் சிமிட்டினேன். எவ்வளவு வாங்கினாய் என்று கீழே எழுதினார்கள். பாவம், மிரட்டிப் பேச வைத்திருக்கிறார்கள் என்றும் எழுதினார்கள். என் பேச்சோடு பழைய அழுகையையும் ஒட்டி, முன்னால் இப்படி, இப்போது இப்படி என்று புதிதாக ஒன்று கிளம்பியது. பொய்யாக நடித்ததை நம்பினார்கள், உண்மையாகப் பேசியதை நடிப்பு என்றார்கள்.

மிச்சம் இருந்தது கோட்டயத்து வியாபாரி ஒருவர்தான். அவர் எடுக்கிற சரக்கு இருந்தால் கம்பெனி தாக்குப்பிடிக்கும், விட்டால் மூட வேண்டியதுதான் என்று அண்ணன் எங்களிடம் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். அந்த வியாபாரி, அந்தச் சேச்சியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், நான் நேரில் பார்த்துப் பேச வேண்டும் என்றார். அண்ணன் தானே கார் ஓட்டிக்கொண்டு என்னைக் கூட்டிப்போனார். வழியெல்லாம் தைரியம் சொன்னார். கேட்பதற்குப் பதில் சொல் ஆத்தா, அது போதும், அவர் நல்ல மனுஷர் என்றார்.

நல்ல மனுஷர்தான். வயதானவர், எழுந்து நின்று கும்பிட்டார். சரக்கைத் தாங்களும் சோதித்துப் பார்த்ததாகவும் குற்றம் எதுவும் இல்லை என்றும் முதலிலேயே சொல்லிவிட்டார். கடைக்காரர்கள் கேட்டால் நான் அந்தப் பெண்ணையே பார்த்துப் பேசினேன் என்று சொல்ல வேண்டும், அதற்காகத்தான் என்றார். பிறகு ஃபோனை எடுத்து அந்த இருபது விநாடியை என் முன்னால் ஓட விட்டார். அந்த ஏ.சி. அறையில் என் குரல் கேட்டது, என் புருஷன் உயிருக்குப் பதில் சொல்லுடா என்று.

"சேச்சி, ஒண்ணு கேட்கட்டே," என்றார். "இது கள்ளக் கரச்சிலாணோ?"

பொய் அழுகைதானா என்று கேட்கிறார். ஆமாம், பொய் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லத்தான் அத்தனை தூரம் போயிருந்தோம். வாயைத் திறந்தேன். வரவில்லை. முறைக்கு அழுததை விட்டால், செத்துப்போன மனுஷனுக்கு நான் வாய்விட்டு அழுதது அந்த ஒரு தடவைதான். அதைப் பொய் என்று என் வாயால் சொன்னால் அவருக்கு அழ யாருமே இல்லை என்று ஆகிவிடும். அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுகை நிஜம்தான், ஆனால் இவருக்கு இல்லை என்றேன். பின்னே யாருக்கு என்று கேட்டார் பெரியவர். மரக்கிளை, சிட்டை, மூடின கேட், எல்லாவற்றையும் முன்பின் தெரியாத ஒருவர் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து எங்கிருந்து ஆரம்பிப்பது?  அங்கேயே அழுதுவிட்டேன். பெரியவர் ஃபோனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

தண்ணீர் கொடுத்தார்கள், மீன் குழம்போடு சாப்பாடும் போட்டார்கள். வாசல் வரை வந்து வழியனுப்பினார். அந்த மரியாதையைப் பார்த்ததுமே, இனி சரக்கு எடுக்க மாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

திரும்பி வரும்போது குமுளி தாண்டினோம். மலை இறங்கி லோயர் கேம்ப்பில் டீக்கடையில் காரை நிறுத்தியபோது எல்லாவற்றையும் சொன்னேன், யாரை நினைத்து அழுதேன், ஏன் பொய் என்று சொல்ல முடியவில்லை என்று. அடித்தால்கூட வாங்கிக்கொள்கிற மனசோடுதான் சொன்னேன். டீயை வாய்க்குக் கொண்டுபோனவர் குடிக்காமல் கிளாஸை இறக்கினார்.

"அந்தாளு மொகத்தப் பாத்திருக்கியாத்தா?" என்றார்.

"இல்லண்ணே."

"அவன் செஞ்சதுக்கு எம் மொகத்தத்தான் ஊரே பாத்துருச்சு." டீயைக் கீழே ஊற்றிவிட்டு கிளாஸைக் கொடுத்தார். "நீ சொல்லாம விட்டது சரிதான். கட்டுனவனுக்கு அழுதத எப்படிப் பொய்யின்னு சொல்றது."

திட்டியிருக்கலாம். அவருக்குக் கோபம் வரும் என்று சொன்னேனே, அந்தக் கோபத்தில் ஒரு துளியை என் மேல் காட்டியிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

கோட்டயத்திலிருந்து வேண்டாம் என்று கடிதம் வந்து மூன்றாவது மாதம் கம்பெனியை மூடினோம். அண்ணன் ஒவ்வொருத்தியையும் கூப்பிட்டுக் கணக்கு முடித்து அனுப்பினார். மெஷின்களை ஈரோட்டுக்காரர் எடுத்துப் போனார். விலை விழுந்த நாட்களில் பழத்தைக் கேட்பாரில்லாமல் தோட்டக்காரர்கள் கொடியிலேயே விட்டார்கள், குருவி தின்றது போக மிச்சம் வரப்பில் புளித்துக் கிடந்தது. நாற்பது பேரில் பாதிக்கு மேல் மறுபடி ஜீப்பில் ஏறினார்கள். நானும் ஏறினேன். ஏறும்போது முழங்கால் மடங்காது, இரண்டு பேர் கீழிருந்து தூக்கிவிட வேண்டும். கம்பெனியில் நிற்க வைத்தார் என்று திட்டினேனே, அந்த முழங்கால்தான். அப்படி ஏறிய நாட்களில் எந்தப் பெண்ணும் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. பேச்சு சினிமா பக்கம் திரும்பினால் மட்டும் எல்லோரும் வெளியே பார்ப்பார்கள்.

அண்ணன் வெளியே வருவதைக் குறைத்துக்கொண்டார். தியேட்டருக்குப் போவதையே விட்டுவிட்டார் என்று டிரைவர் சொன்னார். டி.வி.யில் கோட்டுப் போட்ட முதலாளி வந்தால் சேனலை மாற்றச் சொல்வாராம். ஒரு தை மாதம், காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

சேதி வந்தபோது ஜீப் ஏற நின்றுகொண்டிருந்தோம். ஒருத்தியும் ஏறவில்லை. வீட்டுக்குக்கூடப் போகாமல் எல்லோரும் சேர்ந்து கோம்பைக்குப் போனோம். எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்குள் நுழைகிற பெண், வீட்டுக்காரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழ வேண்டும். அதுதான் முறை. அழாமல் போய் உட்கார்ந்தால், இவளுக்கு என்ன வஞ்சம் என்று கேட்டுவிடுவார்கள். எனக்கு முறைக்காக அழ வேண்டியதில்லை. தெருமுனையில் பந்தலைப் பார்த்தபோதே நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது. எனக்குச் சோறு போட்டவர், என்னால் போனவர், ஒரு நாளும் என்னைக் குற்றம் சொல்லாதவர். அவருக்கு அழாமல் நான் யாருக்கு அழுவேன்?

எனக்கு முன்னால் போனவர்கள் ஒவ்வொருத்தியாக மதினியைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவரும் ஒவ்வொருத்தியோடும் சேர்ந்து அழுதார். என் முறை வந்தது. அண்ணே என்று குரல் எடுத்துக்கொண்டு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு போனேன். மதினி சட்டென்று அழுகையை நிறுத்திவிட்டார். எழுந்து வந்து, ஒரு கையால் என் தோளைப் பிடித்து, இன்னொரு கையால் என் வாயைப் பொத்தினார்.  என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"ஓம் மேல கோவமில்லத்தா. அவுக சாகுற வரைக்கும் உன்ன ஒரு சொல்லு சொல்லல, நானும் சொல்ல மாட்டேன். ஆனா நீ மட்டும் இங்கன அழுகாத. ஒன் அழுகச் சத்தத்த என்னால கேக்க முடியாது."

தலையை ஆட்டினேன். அவர் கையை எடுத்தார். சுவரோரமாகப் போய் உட்கார்ந்தேன். சாயங்காலம் தூக்கிக்கொண்டு போகிற வரை, என்னைச் சுற்றி அத்தனை பேரும் நெஞ்சில் அடித்து அழுதுகொண்டிருக்க, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கல்நெஞ்சுக்காரி என்று யாராவது சொல்லியிருப்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். மதினி கேட்டது அந்த ஒன்றைத்தான். நான் அந்தக் குடும்பத்துக்குச் செய்ய முடிந்ததும் அந்த ஒன்றுதான்.

இரண்டு வருஷம் ஆகிறது. அண்ணனுக்காக நான் இன்னும் அழவில்லை.